முகச் சிவப்புக்கு 'மூலிகை கிரீம்' தருகிறார்கள், ஜாக்கிரதை

ரோசேசியா என்ற தோல் நோயால் கன்னமும் மூக்கும் சிவந்து எரிகிறவர்கள், முக்கியமாகக் கோயம்புத்தூர் பக்கம் இருப்பவர்கள், இதைப் படித்துவிடுங்கள். லேபிள் இல்லாத வெள்ளை டப்பாவில் பார்லர்களில் ஒரு கிரீம் தருகிறார்களே, அதைப் பற்றித்தான்.

தோல் மருத்துவர் எனக்கு மெட்ரோனிடசோல் ஜெல் எழுதிக் கொடுத்திருந்தார். அது மெதுவாகத்தான் கேட்கும், பலன் தெரியவே வாரக்கணக்கில் ஆகும். அந்தச் சமயத்தில் ஐப்ரோ செய்யப் போன பார்லரில்தான் இந்த டப்பாவை நீட்டினார்கள். ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். "அய்யோ, சுத்தமான கத்தாழைங்க மேடம், குழந்தைக்குக்கூடப் போடலாம்" என்றார் உரிமையாளர். விலை 800 ரூபாய். பில் கேட்டால் "நம்ம கடைதானுங்களே" என்று ஒரு சிரிப்பு.

பூசிய சில நாட்களில் சிவப்பு மாயமாக மறைந்தது. மறையத்தானே செய்யும்! ஸ்டீராய்டு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். அப்புறம்தான் வேதனை. ஒரு வேளை பூசாவிட்டாலும் முகம் திகுதிகுவென்று எரியும், வாயைச் சுற்றிப் பொடிப்பொடியாகச் சீழ்க் கொப்புளங்கள். அடுப்பு முன்னால் நிற்க முடியாது. போய்ச் சொன்னேன். "உள்ள இருக்கிற அழுக்கெல்லாம் வெளிய வருதுங்க, இன்னும் நல்லா போடுங்க" என்று பதில்.

பேசிக்கொண்டிருக்கும்போதே தடுப்புத் திரை விலகியது. உள்ளே ஒரு பெண் ட்யூபைப் பிதுக்கிப் பிதுக்கிக் கற்றாழை ஜெல்லோடு குழைத்து டப்பாக்களில் அடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சிவப்புக் கோடு போட்ட அட்டைப்பெட்டிகள். க்ளோபெட்டாசோல். மேல்பூச்சு ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமானவற்றில் ஒன்று, முகத்தில் போடக்கூடாதது. "அது வேற கஸ்டமருக்குங்க" என்று திரையை இழுத்துவிட்டார் உரிமையாளர். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, உங்கள் ஸ்கின்தான் சென்சிடிவ் என்று என் மேலேயே பழி.

மருத்துவர் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். தோல் மெலிந்து, கன்னத்தில் நூல் நூலாக நரம்பு தெரிய ஆரம்பித்திருந்தது. டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் துத்தநாக ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீனும் எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாளைக்குச் சூடான காபி, காரம் வேண்டாம் என்றார். இன்னொன்றும் சொன்னார்: அந்த கிரீமை நிறுத்தியதும் முதலில் இன்னும் மோசமாகும், பயந்துபோய் மறுபடி அதையே பூசக்கூடாது. அப்படியேதான் ஆனது. கண்ணாடி பார்க்கவே பிடிக்காத வாரங்கள் அவை. இதற்கே ஏற்கெனவே நிறையப் பேர் தன்னிடம் வருவதாகவும் சொன்னார்.

2018-லேயே ஸ்டீராய்டு பூச்சுகளை மத்திய அரசு ஷெட்யூல் எச் பட்டியலில் கொண்டுவந்துவிட்டது. மருத்துவர் சீட்டில்லாமல் மெடிக்கல் ஷாப்பிலேயே விற்கக்கூடாது, பார்லர் எந்த மூலை? தயாரித்தவர் பெயர், லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இல்லாத எதையும் முகத்தில் வைக்காதீர்கள். வாங்கிவிட்டிருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கும்போது, பில் இல்லாத நமக்கு அதுதான் ஆதாரம். என்னுடையதை மூடி போட்டு, ஒரு கவரில் கட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.