பெயர்த்தொடரின் தலை எது? என்.பி., டி.பி., கே.பி. – தமிழை வைத்து ஓர் அலசல்

‘அந்த மூன்று பெரிய வீடுகளை’ என்ற தொடருக்கு மரப்படம் (சொற்கள் எப்படி அடுக்கடுக்காகச் சேர்கின்றன என்று காட்டும் கிளைப்படம்) போடச் சொன்னால், இன்றைக்கு மூன்று விதமாகப் போடலாம். முதல் வழி என்.பி. (Noun Phrase, பெயரைத் தலையாகக் கொண்ட தொடர்). இதில் ‘வீடு’தான் தலை, அதாவது தொடரின் தன்மையைத் தீர்மானிக்கும் உறுப்பு. சுட்டு, எண், அடை எல்லாம் அதோடு ஒட்டிக்கொள்ளும் துணைகள். 1970-களின் எக்ஸ்-பார் என்ற தொடரமைப்புக் கோட்பாடு இப்படித்தான் பார்த்தது. இரண்டாவது டி.பி. (Determiner Phrase, டி என்பது சுட்டு, ஆர்ட்டிகிள் போன்றவற்றின் இடம்). 1987-இல் மொழியியலாளர் ஸ்டீவன் ஆப்னியின் எம்.ஐ.டி. ஆய்வேட்டுக்குப் பிறகு பரவலானது இது. ஆர்ட்டிகிளோ (ஆங்கிலத்தின் ‘தி’ போன்றது) சுட்டோ தலையாகிவிடும், பெயர்ச்சொல் அதற்கு நிரப்பியாக, அதாவது தலை தன்னோடு சேர்த்துக்கொள்ளும் பகுதியாக, உள்ளே போகும். மூன்றாவது கே.பி. (Case Phrase, கே என்பது வேற்றுமையின் இடம்). உச்சியில் வேற்றுமை, அதற்குக் கீழே எண் (ஒருமை, பன்மை), அடியில் பெயர்.

ஆங்கிலத்தில் டி.பி.க்கு ஆதரவு எளிதில் கிடைக்கிறது. ‘தி’, ‘தட்’, ‘மை’ மூன்றும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. ‘மை தட் புக்’ என்று சொல்ல முடியாது. தமிழில் ‘என்னுடைய அந்தப் பழைய சைக்கிள்’ இயல்பான பேச்சு. ‘அந்த ஒரு கேள்வி’யும் அப்படியே. போட்டி இல்லை என்றால் தனி இடமும் இல்லை என்று உடனே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. ஹங்கேரிய மொழியில் ‘அஸ் ஏன் கலபொம்’ (என் தொப்பி) என்பதில் ஆர்ட்டிகிளும் ‘என்’னும் சேர்ந்தே வருகின்றன. ஆனாலும், பெயர்த்தொடருக்கு வாக்கியத்தைப் போன்ற அடுக்கு உண்டு என்று மொழியியலாளர் ஆன்னா சபோல்சி வாதிட்டது இதே மொழியை வைத்துத்தான்.

இதைவிடக் கனமான சான்று திசை. தமிழில் தலை கடைசியில் வரும். செயப்படுபொருளுக்குப் பின் வினை, பெயருக்குப் பின் சொல்லுருபு. ‘அந்த’ தலையாக இருந்தால் அதுவும் ‘வீடு’க்குப் பின்னால்தானே வந்திருக்க வேண்டும்? முன்னால் வருகிறது. டி.பி.காரர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு தலையைக் கடைசியில் வைத்து, ‘அந்த’வை அதன் முன்னிடத்தில் (அந்தத் தலையின் தொடரில் முதலில் வரும் இடத்தில்) அமர்த்துவார்கள். கணக்கு சரியாக வரும். ஆனால் அந்தத் தலை அங்கே என்ன வேலை செய்கிறது என்று தனியாகக் காட்டியாக வேண்டும்.

பின்னால் வருவனவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வீடு-கள்-ஐ: பெயர், எண், வேற்றுமை. இந்த வரிசை மாறவே மாறாது. ‘வீட்டை’ என்கிறோம், ஆனால் ‘வீட்டுகளை’ என்பதில்லை, ‘வீடுகளை’தான். ‘மரத்தை’ உண்டு, ‘மரத்துகளை’ கிடையாது. வேற்றுமை பக்கத்திலேயே நின்றால் பெயரின் அடி திரிகிறது. நடுவில் ‘கள்’ வந்துவிட்டால் அந்தத் திரிபு எட்டுவதில்லை. எண் ஒரு தனி அடுக்கு, அதற்கு வெளியே வேற்றுமை இன்னொரு அடுக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் தேவையில்லை. வெறும் என்.பி. படத்தில் ‘கள்’, ‘ஐ’ இரண்டையும் பெயரோடு சேர்த்து ஒரே சொல்லாக எழுதிவிட்டால் இந்தத் தடயம் மறைந்துபோகும்.

மாணவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் ‘ஐ’. ‘புத்தகம் படித்தேன்’, ‘புத்தகத்தைப் படித்தேன்’ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ‘ஐ’தான் தமிழின் ‘தி’ என்று எழுதுகிறார்கள். ‘நேற்று ஒரு பையனைப் பார்த்தேன்’ என்ற வாக்கியத்தில் அந்த முடிவு உடைகிறது. பையன் யாரென்று கேட்பவருக்குத் தெரியாது, ‘ஒரு’வும் இருக்கிறது, ஆனாலும் ‘ஐ’யை விட முடியாது. உயர்திணை என்பதே அங்கே ‘ஐ’யைக் கட்டாயமாக்குகிறது. ஆகவே ‘ஐ’ கே-யில்தான் இருக்க வேண்டும், டி-யில் அல்ல.

அப்படியானால் தமிழில் டி-க்கு வேலையே இல்லையா? ஓர் இடத்தில் இருக்கிறது: தன்மை, முன்னிலை, படர்க்கை என்கிற இடப்பண்பு. ‘அண்ணன் தம்பி மூன்று பேரும் போனோம்.’ எழுவாயில் தன்மைச் சொல் ஒன்றுமில்லை, வினைமுற்றில் ‘ஓம்’ நிற்கிறது. மறைந்திருக்கும் ‘நாங்கள்’தான் எழுவாய், மற்றது விளக்கம் என்று என்.பி. தரப்பு சமாளிக்கும். ‘எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார்’ என்பதில் அது செல்லாது. ‘ஐ’ ஒரே ஒருமுறை, தொடரின் கடைசியில் வருகிறது. ‘நாங்கள்’ ‘எங்கள்’ எனத் திரிந்திருக்கிறது. விளக்கமாக இருந்தால் ‘எங்களை, மூன்று பேரையும்’ என்று இரண்டு ‘ஐ’யும் நடுவில் ஒரு நிறுத்தமும் வந்திருக்கும். (‘எங்கள்’ இங்கே உடைமைப் பொருளில் இல்லை, எழுவாயாக்கினால் ‘நாங்கள் மூன்று பேரும்’ ஆகிவிடுகிறது.) ஆக, இடப்பண்பு தொடருக்குள்ளேயே, வேற்றுமைக்குக் கீழே இருக்கிறது. அந்த அடுக்குக்கு டி என்று பெயர் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது ‘அந்த’வின் வீடு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

திணை-பாலை எங்கே வைப்பது என்பதுதான் இன்னும் இழுபறி. பெயரின் அகராதிப் பண்பாகவே வைத்துவிடலாம் என்றால் ‘குழந்தை’ குறுக்கே வருகிறது: ‘குழந்தை அழுதது’, ‘குழந்தை அழுதாள்’ இரண்டும் செல்லும். ரஷ்ய மொழியில் ‘வ்ராச்’ (மருத்துவர்) ஆண்பால் பெயர். மருத்துவர் பெண்ணாக இருந்தால், அடை ஆண்பாலிலும் வினை பெண்பாலிலும் வரலாம். அடை பெண்பாலிலும் வினை ஆண்பாலிலும் வர முடியாது. பெயரை ஒட்டிய இடத்தில் இலக்கணப் பால், அதற்கு மேலே பொருட்பால் (அந்த ஆள் உண்மையில் ஆணா பெண்ணா என்பது) என்ற அடுக்குக் கணக்கு அதில் பளிச்சென்று தெரிகிறது. தமிழில் ‘பெரிய’, ‘நல்ல’ போன்ற அடைகள் பால் காட்டுவதில்லை என்பதால், இதே சோதனையைத் தொடருக்குள் செய்ய வழியில்லை. வினைமுற்றையும் அடுத்த வாக்கியத்தின் ‘அது’, ‘அவள்’ போன்ற பெயர்களையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.