வடசென்னை மாடியில் குளிர்நாட்டுச் செடிகள்: எதற்கு இடம் கொடுக்கலாம்?

அமெரிக்காவில் வீட்டுத்தோட்டம் போடுகிறவர்கள் ஒரு வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் கன்று வாங்குவார்கள். ஆண்டின் மிகக் குளிரான இரவு சராசரியாக எத்தனை டிகிரி வரை இறங்குகிறது என்பதை வைத்து நாட்டை 13 மண்டலங்களாகப் பிரித்த வரைபடம் அது; எண் கூடக் கூடக் குளிர் குறைவு. கடைசியாக 2023-ல் திருத்தினார்கள். 6-ம் மண்டலத்துக்காரர் 7-க்கான செடியைத் தெற்குச் சுவரோரம் நட்டு, வைக்கோல் போர்த்திப் பிழைக்க வைக்கப் பார்ப்பார். டொராண்டோவில் நம் ஆட்கள் குளிர் வருமுன் கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டுக்குள் தூக்கி வைப்பதும் அதே முயற்சிதான்.

அந்தக் கணக்கில் சென்னை 13-ம் மண்டலம். இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் நூறு வருஷத்துக்கு முன்னால். குளிரில் நம் செடி சாகாது. தண்டையார்பேட்டையிலோ பெரம்பூரிலோ மாடித்தோட்டம் வைத்திருப்பவர் எதிர்ப்பக்க எல்லையோடு மோதுகிறார்: குளிர் போதாமல் பூக்காத செடியைப் பூக்க வைக்க வேண்டும். ஆப்பிள், ஸ்ட்ராபெரி, சீமை அத்தி, காலிஃபிளவர் நான்கையும் பலரும் முயல்கிறார்கள். தொட்டி வைக்க இடம் குறைவு என்றால் நான் கடைசி இரண்டுக்குத்தான் கொடுப்பேன்.

ஆப்பிள் மேல்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் ஆப்பிள் மரம் குளிர்காலத்தில் தூங்கி எழ வேண்டும். 7 டிகிரிக்குக் கீழே எத்தனை மணி நேரம் இருந்தது என்று அந்தத் தூக்கத்தைக் கணக்கிடுவார்கள். சிம்லா பக்கத்து டெலிஷியஸ் வகைகளுக்கு ஆயிரம் மணி நேரம் போல வேண்டும். இஸ்ரேலில் உருவான அன்னா வகைக்கு 200 முதல் 300 மணி நேரம் போதும். ஹிமாச்சலின் பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி ஹரிமன் சர்மா உருவாக்கிய எச்.ஆர்.எம்.என்-99 சமவெளி வெயிலையும் தாங்குகிறது; 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அது உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் பிலாஸ்பூரில் குளிர்காலம் என்று ஒன்று இருக்கிறது. நமக்கு அந்த மணிக்கணக்கு பூஜ்யம்.

வழியே இல்லையா என்றால் இருக்கிறது. இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில், மலாங் பக்கத்தில் ‘பாத்து’ (Batu) என்ற ஊரில், அறுவடை முடிந்ததும் ஆப்பிள் மர இலைகளைக் கையாலேயே உருவிவிடுகிறார்கள். மரம் தூங்கப் போகும் முன்பே மொட்டு விழித்துக்கொள்கிறது. இப்படி வருஷத்துக்கு இரண்டு போகம்கூட எடுக்கிறார்கள். நம் மாடியிலும் இதைச் செய்து பார்க்கலாம். ஆனால் பாத்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர மலையூர், ராத்திரி குளிரும். நம் ஊர்ப் புழுக்கத்தில், பகலில் இலை சேர்த்த சர்க்கரையை மரமே ராத்திரியில் செலவழித்துவிடும். காய் சிறுக்கும், நிறமும் ஏறாது. அன்னாவுக்கு மகரந்தம் தர டார்செட் கோல்டன் மாதிரி இன்னொரு மரமும் பக்கத்தில் வேண்டும். இரண்டு பெரிய தொட்டி, சில வருஷக் காத்திருப்பு, கடைசியில் கைப்பிடி அளவு பழம்.

ஸ்ட்ராபெரியைத் தோற்கடிப்பது வெயிலைவிட நம் தண்ணீர். ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கம் போர் தண்ணீர் உப்பு. பழச்செடிகளிலேயே உப்பைச் சற்றும் பொறுக்காதது ஸ்ட்ராபெரி. இலையின் ஓரம் முதலில் காய்ந்து பழுப்பாகும், அப்புறம் அந்தப் பழுப்பு நடுநரம்பை நோக்கி நகரும். அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றினால் உப்புதான் கூடும். மெட்ரோ வாட்டரோ பிடித்து வைத்த மழைநீரோ தாராளமாக இருந்தால், மார்கழி, தையில் கொஞ்சம் பழம் பார்க்கலாம். பங்குனி வெயிலில் செடி போய்விடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒரு தொங்கும் தொட்டி வைப்பது நியாயம், அதற்கு மேல் வேண்டாம்.

அத்திக்கு வருவோம். நம் நாட்டு அத்தியில் காய் அடிமரத்திலேயே கொத்தாகத் தொங்கும். நான் சொல்வது கடையில் உலர்பழமாக வாங்கும் சீமை அத்தி. நியூயார்க்கில் குடியேறிய இத்தாலியக் குடும்பங்கள் இந்த மரத்தைச் சாக்கு சுற்றிக் குளிரிலிருந்து காப்பாற்றியிருக்கிறார்கள். நமக்கு அந்த வேலையே இல்லை. குளிர்த்தூக்கம் இதற்குக் கட்டாயமில்லை, ஓரளவு உப்பையும் பொறுக்கும். பூனா அத்தி போன்ற வகைகளுக்கு மகரந்தச் சேர்க்கையும் தேவையில்லை, ஒரே தொட்டி போதும். புதுக்கிளையில் காய்க்கும் என்பதால் மழை ஓய்ந்ததும் கவாத்து செய்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இலையின் அடியில் துருநோய் வரும். அந்த இலைகளைப் பறித்துக் குப்பையில் போடுங்கள், தொட்டியிலேயே விடாதீர்கள். பழம் மெத்தென்று ஆகும்போது துணிப்பை கட்டாவிட்டால் அணில் முந்திக்கொள்ளும்.

காலிஃபிளவரில் எல்லாம் வகையைப் பொறுத்தது. ஸ்னோபால் வகைகளுக்கு 10 முதல் 16 டிகிரி வேண்டும். சென்னையில் அது நடக்காது. பூசா மேக்னா போன்ற முன்பருவ வகைகள் 20 முதல் 27 டிகிரியிலேயே பூ கட்டும்; நம் மார்கழி ராத்திரி கிட்டத்தட்ட அதுதான். வெறும் ‘காலிஃபிளவர் நாத்து’ என்று விற்றால் வாங்காதீர்கள், வகைப் பெயர் கேளுங்கள். புரட்டாசியில் குழித்தட்டில் விதைத்து, மழை படாமல் ஷீட்டுக்கு அடியில் வைத்து, கார்த்திகையில் தொட்டிக்கு மாற்றலாம். பூ கோழிமுட்டை அளவு வந்ததும் சுற்றியுள்ள இலைகளை மேலே மடித்துக் கட்டிவிடுங்கள், வெயில் பட்டால் மஞ்சளாகும். பூவுக்கு நடுவே குட்டி இலை எட்டிப் பார்த்தாலோ, மேற்பரப்பு அரிசி அரிசியாக எழும்பினாலோ சூடு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். காத்திருக்காமல் அறுத்துவிடலாம், சாப்பிட நன்றாகவே இருக்கும். பக்கத்துத் தொட்டியில் அஞ்சறைப்பெட்டிக் கடுகைத் தூவிவிட்டால் காலிஃபிளவர் இலையைத் தின்னும் புழுவின் தாயான வைரமுதுகுப் பூச்சி முதலில் அங்கே போய் முட்டையிடும்.

எந்தச் செடியானாலும் தொட்டியை மொட்டைமாடித் தரையில் நேரடியாக வைக்காதீர்கள். பகல் முழுக்க வாங்கிய சூட்டைத் தளம் ராத்திரியில்தான் வேருக்குத் திருப்பிக் கொடுக்கிறது. செங்கல் அடுக்கித் தூக்கி வையுங்கள். தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே காலை வெயில் மட்டும் விழும் மூலை இருந்தால், அதைக் காலிஃபிளவருக்கு விடுங்கள்; அத்தி நடுமாடியில் நிற்கட்டும்.