மைஎன்வி செயலி: காலையில் முதலில் பார்ப்பது டெங்கி வரைபடம்

மழை வருமா என்று பார்க்கத்தான் சிங்கப்பூர் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இந்தச் செயலியை இறக்கினேன். என் பையனுக்கு டெங்கி வந்த பிறகு, மழையை விட டெங்கி வரைபடத்தைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

சிங்கப்பூரில் டெங்கி உறுதியானால் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். 150 மீட்டருக்குள், 14 நாள் இடைவெளிக்குள் இரண்டு பேருக்குக் கண்டாலே அது டெங்கிக் குழுமம். பத்துப் பேருக்குக் கீழே என்றால் வரைபடத்தில் மஞ்சள், பத்தும் அதற்கு மேலும் சிவப்பு. எந்தத் தெரு, எந்த அடுக்குமாடி புளோக் என்றுகூடக் காட்டுகிறது. எனக்கு இதுதான் பெரிய விஷயம். "யீஷூன் வட்டாரத்தில் டெங்கி" என்றால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். "பக்கத்து புளோக்" என்றால் உடனே பூந்தொட்டித் தட்டைக் கவிழ்ப்பார்கள். நானும் அப்படித்தான், அன்றே துணி காயவைக்கும் மூங்கில் கழிகளைச் செருகும் குழாய்களுக்கு மூடி போட்டேன்.

ஆனால் ஒன்று. காய்ச்சலைப் பொறுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகாதவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். அதனால் வரைபடத்தில் நம் தெரு இல்லையென்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

2020இல் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்த ஊர் இது. வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் பிள்ளைகள் இதை இறக்கிக் கொடுங்கள், அப்புறம் பார்க்கவும் சொல்லிக்கொடுங்கள்.