சாதாரண எலக்ட்ரிக் கிடாருக்கு எது: பிராசசரா, ஜிகே பிக்கப்பா, வேரியாக்ஸா?

மெல்லிசைக் கச்சேரியில் வாசிக்கிறவருக்கு ஒரே ராத்திரியில் நாலு கிடார் தேவைப்படும். ஒரு பாட்டுக்குப் பன்னிரண்டு கம்பி, அடுத்ததற்கு நைலான், நடுவில் சிதார் மாதிரி ஒரு பிட், கடைசியில் குத்துப்பாட்டுக்கு டிஸ்டார்ஷன். கையில் இருப்பதோ ஒற்றை ஸ்ட்ராட் வகைக் கிடார். "மாடலிங் பிராசசர் வாங்கிட்டா எல்லாம் வந்துடுமாண்ணே?" என்று குழுவில் புதிதாகச் சேருகிற தம்பிகள் கேட்பார்கள். அது எதை மாடல் செய்கிறது, அதாவது எதன் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்கணும்.

1998இல் வந்த லைன் 6 பாட் தொடங்கி இன்றைய பாஸ் ஜிடி-1, ஜூம் ஜி1 ஃபோர், ஹீலிக்ஸ் வரை எல்லாமே ஆம்ப்பை மாடல் செய்பவை. ஆம்ப், ஸ்பீக்கர் பெட்டி, அதன் முன்னால் வைத்த மைக், எல்லாம் உள்ளே இருக்கும். கிடார் மட்டும் உங்களுடையதுதான். சாதாரண கேபிள் போதும், பிக்கப்பை (கம்பி அதிர்வை மின் சிக்னலாக்கும் பகுதி) தொட வேண்டாம். டிஸ்டார்ஷனும் க்ளீனும் வேண்டியவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்பேன். இவற்றில் அக்கூஸ்டிக் சிமுலேட்டர் என்று ஒன்று உண்டு, கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் பிக்கப்பில் வைத்து மெதுவாக ஸ்ட்ரம் செய்தால் கூட்டத்தில் ஒப்பேறும். தனியாக ஆர்ப்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக) வாசித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

காரணம் எளிது. சாதாரண பிக்கப்பில் ஆறு கம்பியின் ஒலியும் ஒரே ஒயரில் கலந்துதான் வெளியே வருகிறது. பிசைந்த சாதத்திலிருந்து உப்பைத் திரும்ப எடுக்க முடியாது இல்லையா, அதுபோல. 2020இல் ஹீலிக்ஸுக்கு வந்த 3.0 அப்டேட்டில் பாலி கேபோ சேர்ந்தது. எல்லாக் கம்பியையும் சேர்த்து ஏற்றலாம், இறக்கலாம். பாடகர் சுருதி மாற்றினால் அதுவே பெரிய உதவி. ஆனால் ஆறாவது கம்பியை மட்டும் டி சுருதிக்கு இறக்கு என்றால் அதற்கு வழியில்லை.

கம்பிகளைத் தனித்தனியாக எடுக்க ரோலண்ட் பிடித்த வழி ஜிகே பிக்கப். அதோடு சேர்ந்து இயங்கும் மாடலிங் கருவிகள் 1995இல் விஜி-8, 2007இல் விஜி-99, பிறகு பாஸ் பெயரில் ஜிபி-10, எஸ்ஒய்-1000 என்று அந்த வரிசை நீண்டது. ஜிகே-3 பிக்கப்பில் கம்பிக்கு ஒரு சென்சார். ஆறு சிக்னலும் கிடாரின் சொந்த பிக்கப் சிக்னலும் ஒரே 13 பின் கேபிளில் போகின்றன. எஸ்ஒய்-1000இல் சாதாரண ஜாக்கும் இருக்கிறது, ஆனால் கம்பிவாரியாகச் செய்கிற வேலைக்கு ஜிகே வேண்டும்.

ஜிகேயை மாட்டக் கிடாரில் ஓட்டை போட வேண்டாம், டேப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆனால் பொறுமை வேண்டும். பிரிட்ஜுக்கும் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) அதை ஒட்டிய பிரிட்ஜ் பிக்கப்புக்கும் நடுவில் உள்ள சின்னச் சந்தில் அது உட்காரணும். கடைசி ஃபிரெட்டை அழுத்திப் பிடித்தால் கம்பிக்கும் சென்சாருக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கலாம். பிறகு கருவியின் மெனுவில் ஸ்கேல் நீளம் (கம்பி அதிரும் நீளம்), ஸ்ட்ராட் என்றால் 648 மி.மீ., லெஸ் பால் என்றால் 628. சென்சாரிலிருந்து பிரிட்ஜ் எத்தனை மில்லிமீட்டர் என்று ஒவ்வொரு கம்பிக்கும் அளந்து போடணும், சென்சிடிவிட்டியும் தனித்தனியாக. என் கிடாருக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் பிடித்தது. நான் அவசரத்தில் இரண்டாவது கம்பியின் சென்சிடிவிட்டியைக் கூட்டி வைத்துவிட்டேன். கார்டு வாசிக்கும்போதெல்லாம் அது மட்டும் தூக்கிக் கேட்டது. சரியாக அமைந்த பிறகு பன்னிரண்டு கம்பி ஒலியை முதன்முறை கேட்டபோது சிலிர்த்துவிட்டது.

இதில் பயப்பட வேண்டியது அந்தக் கேபிள்தான். ஒரு கல்யாண வரவேற்பில் யாரோ காலால் மிதித்ததில் ஒரு பின் வளைந்தது. சாதாரண பிக்கப்பும் அதே கேபிளில்தான் போகிறது என்பதால் எல்லாமே நின்றது. ஜிகேயிலிருந்து கிடார் ஜாக்குக்கு வரும் குட்டி ஒயரைப் பிடுங்கிவிட்டு, சாதாரண கேபிளை மாட்டி மிச்சத்தை முடித்தேன். இப்போது உபரி 13 பின் கேபிள் இல்லாமல் கிளம்புவதில்லை. 2023இல் பாஸ் கேபிள் முறையையே மாற்றிவிட்டது. பழைய ஜிகே-3ஐப் புதுக் கருவியோடு சேர்க்க கன்வெர்ட்டர் வேண்டும், செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் கவனிக்கணும்.

லைன் 6இன் வேரியாக்ஸ் ஒரு முழுக் கிடார், அதில் இந்தப் பாடு எதுவும் இல்லை. பிரிட்ஜிலேயே கம்பிக்கு ஒரு பியெஸோ (காந்தமில்லாத அதிர்வு சென்சார்), மாடலிங் கிடாருக்குள்ளேயே. திருகினால் பன்னிரண்டு கம்பி, இன்னொரு திருகு, எலக்ட்ரிக் சிதார். மண்டப சீரியல் லைட்டின் இரைச்சலும் பியெஸோவில் ஏறாது. எனக்கு ஒட்டாதது ஒன்றே ஒன்றுதான்: பல வருஷம் என் விரலுக்குப் பழகிய கழுத்து அதில் இல்லை.

ஜிகே, வேரியாக்ஸ் இரண்டிலும் மென்பொருளால் டியூனிங் மாற்றினால் நிஜக் கம்பி பழைய சுருதியிலேயே ஒலிக்கும். மேடைச் சத்தத்தில் தெரியாது. வீட்டில் மெதுவாக வாசித்தால் இரண்டும் மோதிக் காதைக் குடையும், மூடிய ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஆம்ப் மாடலிங் உள்ள எந்தக் கருவிக்கும் பொது: நேரே மிக்சருக்குப் போனால் கேபினட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டி மாடல்) ஆன், கிடார் ஆம்ப்பின் முன் ஜாக்கில் செருகினால் ஆஃப். ஆம்ப்பில் ஆஃப் செய்ய மறந்தால் கம்பளிக்குள்ளிருந்து வாசிப்பது போல இருக்கும்.

குழுவில் தனி அக்கூஸ்டிக் வாசிக்க ஒருவர் இருந்தால் சாதாரண பிராசசரோடு நிற்பேன், மிச்சப் பணத்தில் கிடாரை நன்றாக செட்டப் செய்துகொள்வேன். தனியாளாக எல்லாம் சமாளிக்கணும், கிடாரோ மனசுக்குப் பிடித்தது என்றால் ஜிகே. கிடாரே இனிமேல்தான் வாங்கப் போகிறார் என்றால் அந்தத் தம்பி முதலில் ஒரு வேரியாக்ஸை அரைமணி நேரம் மடியில் வைத்து வாசித்துப் பார்க்கட்டும்.