நியூயார்க்கில் பழைய தண்டனைப் பதிவு: மனு போடுவதா, காத்திருப்பதா?

இளவயதில் ஒரு வழிப்பறி வழக்கு, தண்டனை. அதன்பின் ஒழுங்கான வாழ்க்கை. அந்தப் பதிவை முத்திரையிட்டு மூட, அதாவது பொதுப் பார்வையிலிருந்து மறைக்க, நியூயார்க் மாநிலத்தில் இரண்டு வழிகள்: 2017இல் வந்த, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160.59 பிரிவின் கீழ் நீதிமன்றத்தில் போடும் மனு. 2024 நவம்பர் 16இல் நடைமுறைக்கு வந்த, பதிவுகளைத் தானாக மூடும் கிளீன் ஸ்லேட் சட்டம்.

வன்முறைக் குற்றம்
மனு: கதவு சாத்தியே இருக்கிறது. சட்டம் 'வன்முறைப் பெருங்குற்றம்' என்று வகைப்படுத்தியதை நீதிபதி இரங்கினாலும் மூட முடியாது.
கிளீன் ஸ்லேட்: இரண்டாம் நிலைக் கொள்ளைகூட அடங்கும். பலருக்கு இது தெரியவே தெரியாது. பாலியல் குற்றங்களுக்கும், கொலை போன்ற மிகக் கடுமையான 'A' வகைப் பெருங்குற்றங்களுக்கும் (போதைப்பொருள் குற்றங்கள் தவிர) இங்கும் இடமில்லை.

காத்திருப்பு
மனு: 10 ஆண்டுகள்.
கிளீன் ஸ்லேட்: பெருங்குற்றத்துக்கு 8, சிறு குற்றத்துக்கு 3. இடையில் புதிய தண்டனை வந்தால் கணக்கு முதலிலிருந்து.

எத்தனை தண்டனைகள்
மனு: இரண்டு வரை, அதில் பெருங்குற்றம் ஒன்றே.
கிளீன் ஸ்லேட்: வரம்பில்லை.

அலைச்சல்
மனு: நீதிமன்றச் சான்றிதழ், பிரமாணப் பத்திரம், அரசு வழக்கறிஞரின் ஆட்சேபமும் வரலாம்.
கிளீன் ஸ்லேட்: விண்ணப்பமே வேண்டாம். ஆனால் பழைய பதிவுகளை மூட நீதிமன்ற நிர்வாகத்துக்கு 2027 நவம்பர் வரை அவகாசம் உண்டு. 'தானாக' என்றால் 'உடனே' என்று பொருளல்ல!

எந்த வழியில் மூடினாலும் காவல்துறையும் துப்பாக்கி உரிமம் தருவோரும் பார்ப்பார்கள். கூட்டரசின் குடியேற்றத் துறைக்கு அது தண்டனையாகவே நிற்கும். குடியுரிமை இல்லாதவர்கள் முதலில் வழக்கறிஞரைப் பார்க்கட்டும்.

வன்முறை வழக்கு உள்ளவருக்குக் காத்திருப்பதே வழி. பத்தாண்டு தாண்டிய திருட்டு வழக்கு, கையில் அவசரம் என்றால் மனு போடலாம்.