மே மாதத் தஞ்சாவூர்: பெரிய கோயிலா, அரண்மனையா?

வெறும் கட்டடமாக எடைபோட்டால் போட்டியே கிடையாது. ராஜராஜன் 1010இல் முடித்த கோயிலுக்கு, நாயக்கர் கட்டத் தொடங்கி மராட்டியர் சேர்த்துக்கொண்டே போன அரண்மனை எந்த வகையிலும் ஈடாகாது. ஆனால் கோடையில் ஒரே ஒரு நாள் கையில் வைத்துக்கொண்டு வருபவர் இவற்றை நேரத்தை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

கோயில் திறந்தவெளி. செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். பத்து மணி தாண்டினால் தரை காலைச் சுடும், பதினொன்றுக்கு மேல் விரிப்பு போட்ட பாதையை விட்டு இறங்க மனம் வராது. அந்த நேரத்தில் போனால் நந்தி முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு ஓடி வருவதுதான் மிச்சம். மதியம் நடையும் சாத்திவிடுவார்கள்.

ஆறரை மணிக்கு உள்ளே போய்ப் பாருங்கள், கதையே வேறு. கருவறைக்கு மேலே எழும் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நன்றாகவே விழும். காலையில் மேற்குப் பக்கம் நீளமாக விழுகிற அந்த நிழலில் நின்றுகொண்டு, 200 அடி தாண்டிய விமானத்தை நிதானமாக அண்ணாந்து பார்க்கலாம். அப்புறம் அடித்தளத்துக்குக் கிட்டே போய்க் கல்வெட்டு வரிகளைக் கவனியுங்கள். தான் கொடுத்தது, அக்கன் (அக்கா) கொடுத்தது, மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன ராஜராஜனின் ஆணை அங்கேதான் இருக்கிறது. எழுத்து பழசு, ஒரு வரியில் நாலு எழுத்து பிடிபடவே நேரம் ஆகும். கால் சுடும்போது அந்தப் பொறுமை யாருக்கும் இருக்காது. வெயில் ஏறினால் மதிலையொட்டிய சுற்று மாளிகைக்குள் ஒதுங்கிக்கொள்ளலாம்.

அரண்மனைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆட்டோவில் சில நிமிடம்தான், பார்க்க வேண்டியவை பெரும்பாலும் கூரைக்குக் கீழே. மணிக்கோபுரம், தர்பார் மண்டபம் எல்லாம் ஒரு சுற்றில் முடியும். சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்துக்கு அரை மணி நேரம் போதும். நின்று பார்க்க வேண்டியது அரண்மனைக் கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகள். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர் (காளை வாகனத்துச் சிவன்) ஒருவருக்காகவே டிக்கெட் எடுக்கலாம். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தவர், கோயில் முடிந்து ஒரே வருடம். சடையைத் தலைப்பாகை போலச் சுற்றியிருக்கிறார். சாய்ந்துகொள்ள வேண்டிய காளை காணாமல் போய்விட்டது; ஆனாலும் அந்தக் கை மடங்கியிருக்கும் விதத்திலேயே காளையின் உயரம் நமக்குத் தெரிகிறது. பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். மதிய இடைவேளை விடுவார்களா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

கோயிலை மாலைக்குத் தள்ளிவைக்கலாமே என்பார்கள். நடை நாலு மணிக்குத் திறந்தாலும் பகல் முழுக்கச் சூடேறிய கல் உடனே ஆறாது. ஐந்தரைக்கு மேல் இதமாக இருக்கும், மேற்கு வெயிலில் விமானம் பொன்னாகத் தெரியும். ஆனால் கூட்டம் சேர்ந்துவிடும், கல்வெட்டு பார்க்க வெளிச்சமும் சீக்கிரம் போய்விடும்.

அதனால் முந்தின இரவே ஊருக்கு வந்துவிட முடிந்தால் காலையில் கோயில், பத்து மணிக்கு மேல் அரண்மனை. மதியம்தான் ரயில் வந்து சேருகிறது என்றால் நேரே அரண்மனைக்குப் போங்கள். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு நண்பகலில் கோயிலுக்குள் நுழைவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.