சென்சார் கிட் வாங்கப் போறீங்களா, ஒரு நிமிஷம்! 2,850 ரூபாய் போச்சு எனக்கு

இப்பதான் கிட் வித்த ஆள் என் நம்பரை பிளாக் பண்ணினான். 2,850 ரூபாய். மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் அனுப்பி வந்த காசுல மகளுக்குன்னு எடுத்து வச்சது.

நாங்க ஊட்டிக்குப் பக்கத்துல நஞ்சநாடு. டிசம்பர், ஜனவரியில விடியக்காலை உறைபனி இறங்கினா கேரட் தழை கருகிடும். நேரத்துக்கு எழுந்து ஸ்பிரிங்ளரைத் திறந்துவிட்டாதான் தப்பிக்கும். ஒன்பதாவது படிக்கிற மகள், "அப்பா, 2 டிகிரிக்குக் கீழ போனா பஸ்ஸர் கத்துற மாதிரி நான் செஞ்சு தர்றேன், நீங்க தூங்குங்க"ன்னா. லிஸ்ட்டும் அவளே எழுதினா: ஆர்டுயினோ போர்டு (புரோகிராம் ஏத்தி ஓட்டுற குட்டி கம்ப்யூட்டர் மாதிரி), பிரெட்போர்டு (வயர் சொருகுற பலகை), பஸ்ஸர், வெப்பமும் ஈரப்பதமும் அளக்குற டிஹெச்டி22 சென்சார் மூணு. 22-ங்கிறதுக்கு அடிக்கோடு போட்டே எழுதினா. அது மைனஸ் 40 வரைக்கும் அளக்கும், அரை டிகிரிதான் முன்னப்பின்ன வரும். மலிவான டிஹெச்டி11 பூஜ்யத்தோட நின்னுடும், 2 டிகிரி வரைக்கும் தப்பும் காட்டும். பனிக்கு அது ஆகவே ஆகாது.

சமூக ஊடகத்துல பக்கம் வச்சு கிட் விக்கிற ஒருத்தன். போன் பண்ணினேன். "அண்ணா, நானும் மலைக்காரன்தான், கொடைக்கானல். பனின்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? பாப்பாவுக்கு நானே பார்த்து பேக் பண்றேன்"ன்னான். பாப்பான்னு சொன்னான் பாருங்க, அங்க விழுந்தேன். போனை வச்ச கையோட 2,850-ஐ அனுப்பிட்டேன்.

பார்சல் வர 11 நாள். படத்துல சென்சார் வெள்ளை, கையில வந்தது நீலம். கலர்தானேன்னு நான்தான் சொன்னேன். அன்னிக்கு ராத்திரி கம்ப்யூட்டர்ல வெப்பம் 358.40-ன்னு காட்டுது! ஈரப்பதம் 1792! மூணு நாள் சாயங்காலம் வயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினா. ரெசிஸ்டர்ல (மின்தடை) அதோட அளவைச் சொல்ற பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு கோடு சரியா இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்த்தா. தன் மேலதான் தப்புன்னு அழுதுட்டா. அதை என்னால மன்னிக்க முடியல.

பள்ளிக்கூட டீச்சர்தான், "புரோகிராம்ல 22-ஐ 11-ன்னு மாத்திப் பாரும்மா"ன்னாங்க. ஒரே வரி. வெப்பம் 14.00-ன்னு வந்துது. டிஹெச்டி11 அனுப்புற 14 டிகிரியை, டிஹெச்டி22 அனுப்பினதுன்னு நினைச்சு புரோகிராம் படிச்சா, 14-ஐ 256-ஆல பெருக்கி 10-ஆல வகுத்த எண்தான் வரும். 358.4. மூணுமே 11.

வித்தவன்கிட்ட கேட்டா முதல்ல "லைப்ரரி (சென்சாரைப் படிக்கிற ரெடிமேட் புரோகிராம்) சரியா போட்டீங்களா?" அப்புறம் "கலர் பேட்ச்சுக்குப் பேட்ச் மாறும் சார்." அண்ணா போய் சார் ஆயிட்டேன். மூணாவது தடவை "பார்சல் பிரிக்கிற வீடியோ இருக்கா? இல்லாம ரிட்டர்ன் கிடையாது." 358.40 காட்டுற படத்தை அனுப்பினேன். பார்த்துட்டு பதிலே இல்ல. இன்னிக்கு பிளாக்.

என்ன செய்யணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடல. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்க. நீலக் கூடு வந்தா 11-ன்னு சந்தேகப்படுங்க. முன்பணம் அனுப்பாதீங்க, பொருள் வந்ததும் காசு கொடுக்கிற மாதிரி கேளுங்க. நுகர்வோர் உதவி எண் 1915, பண மோசடிக்கு 1930. நான் ரெண்டுலயும் சொல்லிட்டேன்.

நாளைக்கும் விடியக்காலை 4 மணிக்கு நான்தான் எழுந்து தோட்டத்துக்குப் போகணும்.